தரையில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தோம்
(டீச்சர் பதில்கள்)

போன இதழில் பிள்ளைகளை மதிக்கிற பள்ளிக்கூடம் பற்றி ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தபிறகு மற்ற கேள்விகளை எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை அந்தக் கடிதங்களுக்கே பதில் எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் 1990-ல், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, 2021-ல் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். வேலை பார்த்தது எல்லாமே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில். பெயர் போடவேண்டாம் என்று எழுதியவர்கள் எல்லோருமே கேட்டுக்கொண்டதால் மாவட்டம் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: டீச்சர், நான் 2012 டிசம்பரில் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி பெற்று வேலைக்கு வந்தவள். ஈராசிரியர் பள்ளி, ஐந்து வகுப்பு, 41 பிள்ளைகள். பயப்படாமல் பேசுகிற, கேள்வி கேட்கிற பிள்ளைகள் வேண்டும் என்றுதான் இந்த வேலைக்கே ஆசைப்பட்டேன். இப்போது பாதி நாள் போனில் பதிவேற்றம் செய்வதிலேயே போகிறது. புதுத் திட்டம் என்று யார் வந்து சொன்னாலும் மனசு எழவில்லை. நீங்கள் எப்படி 31 வருடம் தாங்கினீர்கள்? (ஆசிரியை, அரியலூர் மாவட்டம்)

பதில்: தாங்கினேன் என்று சொல்ல முடியாது தங்கச்சி. நடுவில் ஒரு இரண்டு வருடம், இன்றைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாம், நாளைக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் தினமும் பஸ் ஏறினேன். அதை மறைத்துவிட்டு உங்களுக்குத் தைரியம் சொன்னால் அது பொய்.

நான் முழு மனசாக நம்பிய திட்டம் ஒன்று உண்டு. செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளையே அட்டையை எடுத்து, செய்து பார்த்து, தன் வேகத்தில் படிக்கிற முறை. நீங்கள் வேலைக்கு வந்தபோது அது தேய ஆரம்பித்துவிட்டது, அதனால் அதன் நல்ல நாட்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எம்.பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தொடங்கினார்கள். மூலம் ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்தில் உள்ள ரிஷிவேலி. ஒரே அறையில் நாலைந்து வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் சின்னச் சின்னக் கிராமப் பள்ளிகளுக்காக அங்கே அட்டைகளை வைத்து ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து நம் பாடத்துக்கு அவர்களே அட்டை எழுதினார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அட்டையை எழுதியவர்கள் ஆசிரியர்கள். அப்புறம் அதே அதிகாரி அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு மாநில அளவில் பொறுப்புக்கு வந்தபிறகு 2007-08-ல் மாநிலம் முழுக்க, 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அது வந்து சேர்ந்தது.

முதலில் நான் எதிர்த்தேன். பெஞ்சை எடு, பாயைப் போடு, கரும்பலகையைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து பிள்ளைக்கு ஒரு கட்டம் கொடு, அறைக்குக் குறுக்கே கம்பிப் பந்தல் கட்டி அவர்கள் வரைந்ததை எல்லாம் தொங்கவிடு, நீயும் கீழே உட்கார் என்றால், பதினேழு வருடம் மேசைக்குப் பின்னால் நின்றவளுக்குக் கோபம் வராதா? ஆனால் மூன்றாவது மாதம் என் கோபம் போய்விட்டது. அதற்குக் காரணம் ஒரே ஒரு பிள்ளை.

எங்கள் ஊரில் பொங்கல் முடிந்ததும் நாலைந்து குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விடும். பிள்ளைகளும் கூடப் போகும். திரும்பி வரும்போது வகுப்பு எங்கேயோ போயிருக்கும், பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்து, அடுத்த வருடம் வராமலே நின்றுவிடும். வருடா வருடம் பார்த்த காட்சி அது. இந்த முறையில் பாடங்களைப் படிப்படியாகச் சின்னம் போட்டுக் காட்டும் ஏணிப்படி என்ற படம் சுவரில் இருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் இடம் உண்டு. அந்த வருடம் சூளையிலிருந்து திரும்பிய ஒரு பெண் பிள்ளை உள்ளே வந்தாள், சுவரில் இருந்த ஏணிப்படியைப் பார்த்தாள், தான் விட்ட படியின் சின்னத்தைக் கண்டுபிடித்தாள், நான் ஒன்றும் சொல்லாமலே தட்டிலிருந்து அந்த அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் போய் உட்கார்ந்தாள். 'எவ்வளவு பாடம் போயிடுச்சு தெரியுமா' என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவள் விட்ட இடம் அவளுக்காக அப்படியே இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் கணவரிடம் அழுதுகொண்டே இதைச் சொன்னேன். பதினேழு வருடமாக எத்தனை பிள்ளைகளை நான் வெளியே அனுப்பியிருக்கிறேன் என்று கணக்குப் போட்டால் வேறென்ன வரும்.

சரி, அவ்வளவு நல்லது எப்படிக் கெட்டது என்று கேட்பீர்கள். அட்டைகள் கிழிந்தன, புது அட்டை வரவில்லை, அது சின்னக் காரணம். அட்டையைக் கையால் எழுதி ஓட்டிய ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். பெரிய காரணம், பார்வையிட வந்தவர்கள் பிள்ளையைப் பார்க்காமல், எந்தப் பிள்ளை எந்தப் படியை முடித்தது என்று குறிக்கும் அடைவு அட்டவணையைப் பார்த்தது. 'ஏன் இந்தப் பையன் இன்னும் இதே படியில் நிற்கிறான்?' என்று ஓர் அதிகாரி என்னை வகுப்பு நடுவே கேட்டார். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நான் பாயில் உட்கார்ந்திருந்தேன், முப்பது பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தன. அவரவர் வேகத்தில் படிக்கலாம் என்று சொன்ன திட்டத்துக்குள்ளேயே ஏன் மெதுவாகப் போகிறான் என்று திட்டு. அடுத்த வாரத்திலிருந்து நாங்கள் அட்டவணையை நிரப்ப ஆரம்பித்தோம். பிள்ளை ஏறாத படியில் டிக் போட்டோம். நானும் போட்டேன். அதிகாரிகளை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க எனக்கு மனசு வரவில்லை, அந்தப் பொய் டிக்குகளை எழுதிய கை என்னுடையது.

பிள்ளையை மதி என்று சொல்லும் திட்டம், அதைச் செய்யப்போகிற ஆசிரியரை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் மேலிருந்து இறங்கினால், மூன்றாம் வருடம் அது இன்னொரு பதிவேடாக மாறிவிடுகிறது. எங்களைத் தரையில் உட்காரச் சொன்ன பயிற்சியிலேயே எங்களுக்குக் கேள்வி கேட்க நேரம் ஒதுக்கவில்லை. இதைத்தான் நான் அப்புறம் வந்த எல்லாவற்றிலும் பார்த்தேன். 2012-ல், வருடத்தையும் புத்தகத்தையும் மூன்றாகப் பிரிக்கும் முப்பருவ முறையும், வருடம் முழுக்கப் பிள்ளையைக் கவனித்து மதிப்பெண் போடும் தொடர் மதிப்பீடும் வந்தன. பிள்ளையின் பைச்சுமை குறைந்தது, அது உண்மையான நன்மை. ஆனால் மதிப்பீட்டுக்காக எழுத வேண்டிய பதிவேடுகள் எங்கள் மேசையை நிறைத்தன. கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் எனக்குப் பிடித்த திட்டம், எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் வாசிக்க வேண்டும், எண்ணத் தெரிய வேண்டும் என்பதைவிட நியாயமான ஆசை என்ன இருக்க முடியும்? அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரித்தது நாங்கள் ஏணிப்படியில் கண்ட அதே நல்ல எண்ணம்தான். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அங்கேயும் போன் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான், அதுவும் பெரிய விஷயமில்லை. அந்த மோசமான இரண்டு வருடத்தில் நான் ஒரு நாளில் 40 நிமிடத்தை மட்டும் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ள நேரம். ஐந்து வகுப்பும் ஒன்றாக வேப்பமரத்தடியில் உட்காரும். யாராவது ஒரு பிள்ளை ஏதாவது சொல்லும், ஆடு குட்டி போட்டது, அப்பா திருப்பூருக்குப் போனது, எதுவானாலும். அதை நான் அப்படியே பெரிய தாளில் எழுதுவேன், அடுத்த நாள் அதுதான் எல்லோருக்கும் வாசிப்புப் பாடம். எந்தத் திட்டம் வந்தாலும் போனாலும் அந்த 40 நிமிடத்தை நான் விடவில்லை, யாருக்கும் அறிக்கையும் அனுப்பவில்லை. நீங்கள் காலையில் வருகையைப் பதிவு போட்டுவிட்டு, உங்களுக்குத் தோதான ஒரு நேரத்துக்குப் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். கூட இருக்கும் ஆசிரியரிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் வரும் வாட்ஸ்அப் தகவலுக்கு அவர் பதில் சொல்லட்டும், இன்னொரு நேரத்தில் அவருக்காக நீங்கள் சொல்லுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் உங்களைப் போல நினைக்கிற நாலு பேர் நிச்சயம் இருப்பார்கள். எனக்கு அவர்களைக் கண்டுபிடிக்கப் பத்து வருடம் ஆயிற்று, நீங்கள் சீக்கிரம் தேடுங்கள்.

கேள்வி: நான் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். பையன் நாலாவது. அவன் சார் அடிப்பதே இல்லையாம். எங்கள் காலத்தில் அடித்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நாங்கள் கெட்டுப் போகவில்லையே. கண்டிப்பு இல்லாமல் பிள்ளை எப்படி உருப்படும்? (ஒரு தகப்பனார், திருப்பூர்)

பதில்: உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பாக்கள் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதே 'கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்க டீச்சர்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைப் பாசத்தில் சொன்னார்கள். நானும் உரித்தேன்.

1994 என்று நினைவு. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதாமல் வருவான், ஸ்கேலால் உள்ளங்கையில் இரண்டு போடுவேன். ஒரு நாள் கீழே கிடந்த அவனுடைய பென்சிலை எடுத்துக் கொடுப்பதற்காகக் கூப்பிட்டேன். எழுந்து வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டான். என் குரலைக் கேட்டதும் அந்தப் பிள்ளையின் உடம்பு செய்தது அது. பென்சிலை அந்தக் கையில் வைத்தேன், அவனுக்கு அது என்ன என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அன்றே அடிப்பதை நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் முழுதாக நிற்க எனக்கு இன்னும் மூன்று நாலு வருடம் பிடித்தது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

அந்தப் பையன் ஏன் எழுதாமல் வந்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது, வீட்டில் விளக்கு இல்லை, சாயங்காலம் தங்கச்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது அவன் வேலை. இதைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

தமிழ்நாட்டில் 2003-ல் கல்வி விதிகளைத் திருத்தி, பள்ளியில் அடிப்பதை நிறுத்தினார்கள். பிறகு மத்திய அரசின் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது, அதன் 17-வது பிரிவு அடிப்பதை மட்டுமில்லை, மனசு நோகப் பேசுவதையும் தடை செய்கிறது. 'உன்னால எங்க முடியும்', 'மாடு மேய்க்கப் போ' எல்லாம் அதில் அடங்கும். என்னைக் கேட்டால் ஸ்கேல் அடியைவிட அதுதான் நீண்ட நாள் வலிக்கிறது.

உங்கள் பையனின் சார் அடிக்கவில்லை என்பதால் கண்டிப்பு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அடிக்காமல் முப்பது பிள்ளைகளை ஒரு வேலையில் உட்காரவைப்பது அடித்து உட்காரவைப்பதைவிடப் பத்து மடங்கு கஷ்டம், அதற்கு ஒவ்வொரு பிள்ளையையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய் அவரைப் பாருங்கள். பையன் எதில் திணறுகிறான், எதில் சந்தோஷப்படுகிறான் என்று கேளுங்கள். டக்கென்று பதில் சொன்னால் உங்கள் பிள்ளை நல்ல கையில் இருக்கிறான்.

கேள்வி: 'மெல்லக் கற்போர்' என்று பட்டியல் எடுக்கச் சொல்கிறார்கள். அந்தச் சொல் சரிதானா? (ஆசிரியர் பயிற்சி மாணவி, தேனி)

பதில்: பட்டியல் எடுங்கள், அதைச் சுவரில் ஒட்டாதீர்கள், பிள்ளை காதில் விழும்படி அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் நிற்கிறது என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 'கடன் வாங்கிக் கழித்தலில் நிற்கிறான்' என்று எழுதினால் நாளைக்கு உங்களுக்கு ஒரு வேலை இருக்கும். 'மெல்லக் கற்பவன்' என்று எழுதினால் அவனை அப்படியே விட்டுவிடத் தோன்றும். கழித்தலில் நிற்கிற அதே பையன் பம்பரம் விடுவதில் என்ன வேகம் என்று இடைவேளையில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் நான். ஒன்பதாம் வகுப்பில் நான்கு பேர் தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். இவர்களைப் பத்தாவதுக்கு அனுப்பினால் பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி போய்விடும், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி டி.சி. கொடுத்துவிடலாம் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். மீளாய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள் என்ற பயம் எனக்கும் இருக்கிறது. (தருமபுரி மாவட்டம்)

பதில்: சார், கொடுக்காதீர்கள். நீங்கள் எனக்கு எழுதியதே உங்களுக்கும் அதில் சம்மதம் இல்லை என்பதால்தான்.

சட்டத்தில் இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரைதான் பிள்ளைக்குக் காவல். ஒன்பதில் காலை வைத்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. அதனால்தான் பிள்ளைகளை வெளியே தள்ளுவது ஒன்பதாம் வகுப்பில் நடக்கிறது, அதுவும் எழுத்தில் எதுவும் இல்லாமல், பெற்றோரே கேட்டு வாங்கிக்கொண்டதாக. அந்த நான்கு பேரும் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போகப்போவதில்லை, உங்களுக்கும் தெரியும். பெண் பிள்ளையாக இருந்தால் கல்யாணம். பையனாக இருந்தால் பெங்களூருக்குக் கட்டட வேலை.

இந்தச் சதவீதப் பைத்தியத்தைக் குறைக்க அரசு பக்கத்திலிருந்து நல்ல முயற்சிகளும் நடந்திருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். 2017 மே மாதம் பொதுத்தேர்வு முடிவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். நான் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அதற்கு முன்னால் ரிசல்ட் வரும் காலையில் பத்திரிகையில் வாயில் லட்டு ஊட்டும் படங்கள் வரும், அதே காலையில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காப்பார்கள். அப்புறம் பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிக் குதித்துவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைக்கிற பள்ளிகளைக் கட்டுப்படுத்த, 2017-18-ல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். நோக்கம் நல்லது, விளைவு என்ன என்றால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடம் தொடர்ந்து பிள்ளைக்குப் பரீட்சைக் காய்ச்சல். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நின்றது. நடுவில் 2019-ல் ஐந்தாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத்தேர்வு என்று ஓர் ஆணை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நான் அப்போது பணியில் இருந்தேன். பத்து வயசுப் பிள்ளை ஒன்று 'பெயிலானா என்னை ஆடு மேய்க்க விட்டுடுவாங்களா டீச்சர்' என்று கேட்டது. 2020 பிப்ரவரியில் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். எதிர்த்துப் பேசியவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது.

உங்கள் நான்கு பேருக்கு வருவோம். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து உட்காரவைக்காதீர்கள், பதினாலு வயசுப் பிள்ளைக்கு அது செத்துப் போகிற அவமானம். தினத்தாளில் வரும் கிரிக்கெட் செய்தி, பஸ் போர்டு, அவர்கள் பாடும் பாட்டு, இவற்றை எழுதிப் படிக்க வையுங்கள். தினமும் அரை மணி, பத்தாம் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்னால் கிடைக்கிற மாதங்கள் போதும், நான்கு பேரில் மூன்று பேராவது வாசித்துவிடுவார்கள் என்று நம்புகிறேன். யாருக்காவது கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று தோன்றினால் மருத்துவச் சான்றுக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு, கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது. அதற்குப் பிறகும் ஒருவன் தவறினால் துணைத்தேர்வு இருக்கிறது.

மீளாய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தினால் நில்லுங்கள் சார். 'நான்கு பிள்ளைகளை வெளியே அனுப்பியிருந்தால் எனக்கும் நூறு வந்திருக்கும், நான் அனுப்பவில்லை' என்று சொல்லுங்கள். அந்த அறையில் உங்களைப் பார்த்துக் கை தட்ட முடியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய பேர்.

கேள்வி: கொரோனாவில் விட்டுப்போன படிப்பைத் தெருவிலேயே சொல்லிக் கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தேன். சாயங்காலம் என்னிடம் பாட்டும் விளையாட்டுமாகப் படித்த பிள்ளைகள், 'பகல்லயும் இப்படி இருந்தா நல்லா இருக்கும்க்கா' என்றார்கள். பள்ளியில் ஏன் இது முடியவில்லை? (கடலூர் மாவட்டம்)

பதில்: அந்தத் திட்டம் 2021 அக்டோபர் 27-ல் எங்கள் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது, நான் ஓய்வு பெற்ற அதே வருடம். எங்கள் தெருவிலும் ஒரு பெண் நடத்தினாள், தினமும் போய் உட்கார்ந்து பார்ப்பேன். அவளிடம் இருபது பிள்ளைகள்கூட இல்லை, முடிக்க வேண்டிய பாடம் இல்லை, தப்பாகச் சொன்னாலும் சிரிக்க யாரும் இல்லை, அவள் அந்தத் தெருப் பெண், பிள்ளைகளின் பாஷை அவளுக்குத் தெரியும். இவ்வளவும் ஒரு பள்ளி ஆசிரியருக்குக் கிடைத்தால் பகலிலும் பாட்டு வரும். எண்ணிக்கைதான் முதல் காரணம், மனசு அப்புறம்.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். படித்த பெண்கள் தினமும் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் உழைத்ததற்கு அது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. ஊர்ப் பிள்ளைகள் மேல் உங்களுக்கு இருக்கும் அன்பை வைத்து அரசு குறைந்த செலவில் நடத்திக்கொள்ளக் கூடாது. நீங்கள் பி.எட். முடித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து டெட்டுக்கு விடாமல் படியுங்கள், உங்களைப் போன்றவர்கள் நிரந்தரப் பணிக்கு வர வேண்டும்.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னை உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். நான் எட்டாவது வரைதான் படித்தேன். கூட்டத்துக்குப் போனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு டீ கொடுத்து அனுப்புகிறார்கள். நான் என்ன கேட்க முடியும்? (ஒரு தாய், புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: நீங்கள் கேட்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது அம்மா. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், பள்ளிக்கு வேண்டிய திட்டத்தைப் போடுவது உங்கள் வேலை. எட்டாவது படிப்பு ஒரு குறையே இல்லை.

முதல் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி போதும்: 'கழிப்பறையை இன்னைக்கு யார் கழுவினாங்க?' அதைத் தொடர்ந்தால் பாதிப் பிரச்சினை வெளியே வந்துவிடும், தண்ணீர் வருகிறதா, துப்புரவுக்கு ஆள் உண்டா, பிள்ளைகள் கையில் துடைப்பம் கொடுக்கிறார்களா எல்லாம். கழிப்பறை சரியில்லாத பள்ளியில் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும், நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளைகளுக்கு எந்தப் பாடமும் ஏறாது. அடுத்த கூட்டத்தில் எத்தனை ஆசிரியர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளை வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டக் கணக்கு. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பு எடுப்பது எப்படி என்று நீங்கள் கேட்டால் தலைமையாசிரியருக்குக் கோபம் வராது, அவரால் கேட்க முடியாததை நீங்கள் கேட்கிறீர்கள் என்று உள்ளுக்குள் சந்தோஷப்படுவார். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். கிராமசபையிலும் ஒரு தடவை எழுந்து இதையே சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள், இன்னும் இரண்டு அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: குறைகளாகவே சொல்கிறோம். உங்கள் கண்முன்னே ஒரு மாற்றமாவது முழுசாக ஜெயித்ததா? (ஓய்வு பெற்ற தமிழாசிரியர், திண்டுக்கல்)

பதில்: ஜெயித்தது ஐயா, ஆனால் நான் வெளியே வந்தபிறகு. காலை உணவு.

31 வருடமும் என் பீரோவில் பதிவேட்டுக்குப் பின்னால் பொறை பாக்கெட் இருக்கும். திங்கட்கிழமை காலை வழிபாட்டில் கொடியேற்றி முடிப்பதற்குள் ஒரு பிள்ளையாவது மயங்கி உட்காரும். 'என்னடா சாப்பிட்டே?' என்று கேட்டால் 'டீ' என்று சொல்லும். அம்மா விடியற்காலையிலேயே நடவுக்கோ களையெடுக்கவோ போயிருப்பாள். மதியச் சோறு வரும்வரை அந்தப் பிள்ளைக்கு நான் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் அது என் முகத்தைப் பார்க்கும், அவ்வளவுதான். அந்த வகுப்பைத்தான் கவனமில்லாத வகுப்பு என்று பார்வைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவார்கள்.

2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் சுமார் 31,000 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது வந்தது. சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள், பெரும்பாலும் அந்தந்தப் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்களே. இந்தத் திட்டத்துக்காக ஆசிரியரைத் தனியாக எதையும் நம்பச் சொல்லவில்லை, பிள்ளையை எதையும் நிரூபிக்கச் சொல்லவில்லை. பசிக்கிறது, சாப்பிடு. அதனால்தான் அது நிலைத்தது என்று நினைக்கிறேன்.

போன மாதம் என் பழைய பள்ளிக்குப் போயிருந்தேன். காலை எட்டரை மணி, வராண்டாவில் வரிசையாகத் தட்டு, பொங்கலும் சாம்பாரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எனக்கும் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்து, 'நீங்க எந்தக் கிளாஸ்?' என்று கேட்டது. பீரோவைத் திறந்து பார்க்கட்டுமா என்று இப்போதைய தலைமையாசிரியையிடம் கேட்டேன். திறந்தார். பதிவேடுகளுக்குப் பின்னால் பாக்கெட் எதுவும் இல்லை.